ஜாடியைத் தொட்டா தீட்டு, பாக்கெட்டைப் பிரிச்சா ருசியா?

ஊறுகாய் பூத்துப் போனா நம்ம வீடுகள்ல முதல்ல தேடறது காரணத்தை இல்லை, ஆளை! "வீட்டுக்குத் தூரமா இருந்தப்ப யாரோ ஜாடியைத் தொட்டிருக்கா"ன்னு பாட்டி சொல்லிட்டா தீர்ப்பு முடிஞ்சுது. அப்பீல் கிடையாது.

முதலிபாளையத்தையே எடுத்துக்கங்க. சிட்கோ தொழிற்பேட்டை இருக்கற ஊர். செக்கிங், டிரிம்மிங், பேக்கிங்னு பனியன் கம்பெனிகள்ல பெண்கள் கைபடாத துணியே கிடையாது. ஷிப்மெண்ட் அவசரத்துல "இந்த மூணு நாள் வெள்ளை டி-ஷர்ட்டைத் தொடாதே"ன்னு எந்த சூப்பர்வைசராவது சொல்லியிருக்காரா? ஐரோப்பாவுக்குப் போற துணியைத் தொடலாம். சாயங்காலம் வீட்டுக்கு வந்தா மாங்காய் ஜாடியைத் தொடக்கூடாது. கூலி வர்ற இடத்துல இல்லாத தீட்டு, சமையல்கட்டுக்கு மட்டும் எங்கிருந்து வந்துச்சு?

இன்னொரு கூத்து. வீட்டு ஜாடிக்கு இத்தனை காவல் போட்டுட்டு, அவசரத்துக்குக் கடையில பாக்கெட் ஊறுகாய் வாங்கறோம். மகளிர் சுயஉதவிக் குழு ஊறுகாய்னா கூடுதல் நம்பிக்கையோட வாங்கறோம். அதுல காய் நறுக்கி, மசாலா கலந்து, பாட்டில்ல அடைச்சது யாராம்? அவங்க எல்லாம் மாசம் மூணு நாள் வேலையை நிறுத்திட்டு உட்கார்ந்தாங்களா? அந்த ஊறுகாய் கெடலையே... ஏன்?

ஏன்னா ஊறுகாயைக் கெடுக்கறது ஈரம், காப்பாத்தறது உப்பு, புளிப்பு, எண்ணெய். உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிகள்ல உப்புநீர் ஊறுகாய்க்கு உப்பு 12 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. எண்ணெய் ஊறுகாய்க்கு மேல அரை சென்டிமீட்டர் எண்ணெய் நிக்கணும், இல்லைன்னா மொத்தத்துல 10 சதவீதமாவது எண்ணெய் இருக்கணும். போட்டவங்களுக்கு அன்னிக்கு என்ன தேதின்னு எந்த விதியும் கேக்கலை!

வீட்டுலயும் அதே கணக்குதான். கேரட், பீன்ஸ், இஞ்சி, பச்சைமிளகாய் எல்லாத்தையும் கழுவி, துணியில ஒத்தி, ஈரம் போக உலர்த்தணும். கேரட்டுலயும் பீன்ஸ்லயும் புளிப்பு இல்லை. அதனால எலுமிச்சைச் சாறு தாராளமா வேணும். உப்பு, மிளகாய்த்தூள், வறுத்துப் பொடிச்ச கடுகு, வெந்தயம், பெருங்காயம் கலந்து, காய்ச்சி ஆறின நல்லெண்ணெயை ஊத்தணும். ஈரக் கரண்டியை விட்டா யார் விட்டாலும் பூஞ்சை பிடிக்கும். அது ஆம்பளை கையா இருந்தாலும் சரி!

"படிச்சவங்களே சொல்லியிருக்காங்க"ன்னு சிலர் வருவாங்க. ஆமா, சொன்னாங்க. தொண்டை அடைப்பான் நோய்க்கு சோதனை கண்டுபிடிச்ச பேலா ஷிக்ங்கற டாக்டர், மாதவிடாய் நேரத்துல உடம்புல ஒரு நச்சு இருக்கு, அது பூவை வாட வைக்குதுன்னு 1920ல எழுதினார். அப்படி ஒரு நச்சு இன்னிவரைக்கும் நிரூபணம் ஆகலை. மூடநம்பிக்கை கோட்டு சூட்டு போட்டும் வரும்ங்கறதுக்கு அது ஒரு சாட்சி, அவ்வளவுதான். 2014ல ஒரு நாப்கின் கம்பெனி "ஊறுகாயைத் தொடு"ன்னு விளம்பரமே எடுத்துது. அடுத்த வருஷம் கான் விளம்பர விழாவுல பரிசும் வாங்குச்சு. பரிசு வந்துடுச்சு, ஜாடி மட்டும் இன்னும் பல வீட்டுல பரண் மேலயேதான் இருக்கு.

"அந்தக் காலத்துல பெண்களுக்கு ஓய்வு குடுக்கத்தான் அப்படி வெச்சாங்க"ன்னு கடைசியா ஒரு அஸ்திரம் வரும். நல்லது, ஓய்வு குடுங்க. அந்த மூணு நாள் துணி துவைக்கறதை, பாத்திரம் தேய்க்கறதை, தண்ணிக்குடம் தூக்கறதை அவங்க கிட்ட இருந்து பிடுங்குங்க. எட்டு மணி நேரம் நின்னு வேலை பார்த்துட்டு வந்தவளுக்கு அதெல்லாம் பாக்கி வெச்சுட்டு, ஊறுகாய் ஜாடியை மட்டும் ஒளிச்சு வைக்கறதுக்குப் பேர் ஓய்வு இல்லை. அவமானம்.

அடுத்த தடவை ஊறுகாய் பூத்தா, வீட்டுல யார் மூஞ்சியையும் பார்க்காதீங்க. கரண்டியைப் பாருங்க... ஈரமா இருக்கும்.