கூடத்துக்கு மானியம், வயலுக்குக் கண்ணாடிச் சில்லு

போன ஆனியில், பக்கத்து ஊர் நகராட்சியின் உரக் கூடத்திலிருந்து ஒரு டிராக்டர் மட்கு உரம் ஏற்றி வந்தேன். உரம் இலவசம், டிராக்டர் வாடகையும் ஏற்றுகூலியும்தான் நம்ம செலவு. பார்க்கக் கறுப்பா, நல்லாத்தான் இருந்தது. வாழைக்கு வைத்த இரண்டாம் நாள், களையெடுக்க வந்த அக்காவின் காலில் கண்ணாடிச் சில்லு ஏறிடுச்சு. மிச்சத்தைச் சலித்துப் பார்த்தோம். ஷாம்பு பாக்கெட், மாத்திரை அட்டை, பேட்டரி எல்லாம் இருந்தது.

கூடத்துக்கே போய்க் கேட்டேன். வாசலில் பெரிய பலகை: திட்டத்தின் பெயர், மதிப்பீடு, முடித்த ஆண்டு. உள்ளே சலிக்கும் இயந்திரம் பெல்ட் அறுந்து நின்றது. மேற்பார்வை பார்க்கும் தம்பி சொன்னார்: "கட்டுறதுக்குக் காசு வந்துச்சு சார். ஓட்டுறதுக்குத்தான் வரல."

அந்தத் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். கோளாறு மானியம் கொடுக்கும் முறையில் இருக்கு. 2021 அக்டோபரில் தொடங்கிய நகர்ப்புறத் தூய்மை இந்தியா இரண்டாம் கட்டத்துக்கு 5 ஆண்டுக்கு ஒதுக்கீடு 1,41,600 கோடி ரூபாய். அதில் குப்பைப் பகுதிக்கு வரும் மத்திய உதவி ஆலை அமைக்கத்தான். ஓட்டும் செலவு உள்ளாட்சியின் தலையில். கட்டி முடித்ததும் பயன்பாட்டுச் சான்றிதழ் போகும். பணம் செலவானதற்கு அது சான்று. உரம் வயலுக்குப் போனதா என்று அந்தத் தாளில் யாரும் கேட்பதில்லை.

2016-ல் வேறொரு வழியும் பார்த்தார்கள். நகர மட்கு டன்னுக்கு 1,500 ரூபாய் சந்தை உதவி. தொடக்கத்தில் உர நிறுவனங்கள் வழியாக விற்கும் மட்குக்கு. 2023-ல் அதே 1,500 ரூபாயைக் கோபர்தன் ஆலைகளின் இயற்கை உரத்துக்கும் அறிவித்தார்கள். கட்டடத்துக்குக் கொடுப்பதைவிட, விற்ற டன்னுக்குக் கொடுப்பது நல்ல யோசனைதான். ஆனால் எடையை மட்டும் பார்த்தால் கல்லும் மண்ணும்கூட எடைதானே?

வங்கியில் இருந்தபோது பால்மாட்டுக் கடனுக்கு வரும் மானியத்தை உடனே கையில் கொடுக்க மாட்டோம். தனிக் கணக்கில் நிறுத்தி வைப்போம். மாடு இருக்கா, தவணை ஒழுங்கா வருதா என்று பார்த்து, கடைசித் தவணைகளில் வரவு வைப்போம். 'பேக் எண்டட் சப்சிடி' என்பார்கள். ஒரு விவசாயியின் ரெண்டு மாட்டுக்கு இவ்வளவு கண்டிப்பு காட்டும் நாம், கோடிக்கணக்கில் போகும் உரக் கூடத்துக்கு ஏன் காட்டக் கூடாது?

என் யோசனை இதுதான். மானியத்தில் பாதியைக் கட்டவும் இயந்திரம் வாங்கவும் முதலிலேயே கொடுங்க. மீதியை 5 ஆண்டுக்குப் பிரித்து, விவசாயி கையெழுத்துப் போட்டு எடுத்துப்போன டன் கணக்கில் கொடுங்க. ஒவ்வொரு தொகுதிக்கும் ஆய்வக அறிக்கை இருக்கணும். அளவுகோல் உரக் கட்டுப்பாட்டு ஆணையிலேயே இருக்கு: கரிம-தழைச்சத்து விகிதம் 20-க்குள், மின்கடத்தும் திறன் 4-க்குள், ஈயம் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்குள். எடுத்துப்போனவர் தந்த புகாரையும் அந்தக் கணக்கில் சேர்க்கணும்.

"நகராட்சிக்கு ஏது காசு? முன்பணம் தராமல் எப்படி ஓட்டும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் பாதியை முன்னாடியே தரச் சொல்கிறேன். மீதி ஆண்டுதோறும் வரும் என்று தெரிந்தால் அறுந்த பெல்ட்டை மாற்ற ஒருத்தர் ஓடுவார். இப்போது அது யார் வேலையும் இல்லை.

அந்த மீதிப் பணத்தில் முதல் பங்கு தூய்மைப் பணியாளர்களுக்குப் போகணும். 2016 திடக்கழிவு விதிகளே வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்கச் சொல்லியிருந்தன. வாசலில் நின்று அதைச் செய்ய வைப்பது அவர்கள்தான். அங்கே கலந்துவிட்டால் பிறகு எந்த இயந்திரத்தாலும் முழுசாப் பிரிக்க முடியாது. பேட்டரியில் உள்ள ஈயம் சல்லடையில் நிற்காது. காய்கறிச் சந்தை, ஓட்டல், கல்யாண மண்டபம் மூன்றிலும் முதலில் தொடங்கலாம். மூன்று இடத்திலும் மக்கும் குப்பை மொத்தமாகக் கிடைக்கும். பிரித்து வாங்குவதும் சுலபம்.

சாப்பாட்டுக் கழிவில் ஈரமும் உப்பும் அதிகம். தனியாகக் குவித்தால் அழுகி நாறும். காய்ந்த சருகு, தென்னை நார்க்கழிவு கலக்கணும். குவியலின் சூடு 55 டிகிரியைத் தாண்டிச் சில நாள் நின்றால்தான் களை விதையும் நோய்க் கிருமியும் சாகும். தெருவோரம் கொளுத்தும் சருகு எல்லாம் இந்தக் கூடத்துக்கு வர வேண்டிய சரக்கு.

நம் தரப்பிலும் வேலை இருக்கு. "டவுன் குப்பை நமக்கு வேண்டாம்" என்று ஒதுங்கிவிட்டால் அது ஏரிக்கரையில் வந்து விழும், நம்ம கிணற்றுக்கே இறங்கும். இயற்கைச் சான்று பெற்றவர்கள், சான்று தருபவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்க. மற்றவர்கள் உங்க ஊர்க் கூடத்துக்கு ஒருமுறை போய், ஆய்வறிக்கையைக் கேளுங்க. இல்லை என்றால் நகராட்சிக்கு எழுதிக் கொடுங்க. மன்றக் கூட்டத்துக்கு முன் உங்க வார்டு உறுப்பினரையும் பாருங்க.

நாங்கள் ஏழு பேர் எழுதிக் கொடுத்திருக்கிறோம். சந்தைக் குப்பையில் மட்டும் செய்து, சலித்து, அறிக்கையோடு கொடுத்தால் கிலோவுக்கு ஒரு ரூபாய் தருகிறோம், மாதம் 5 டன் எடுத்துக்கொள்கிறோம் என்று. பதில் இன்னும் வரவில்லை. அடுத்த மன்றக் கூட்டத்துக்கு நேரில் போகப் போகிறோம்.