முதலிற் கான், பின்னரே மண்

மலைநாட்டு லயங்களின் பின்புறத்திலே நீர் தேங்கும் பள்ளம் பல வீடுகளுக்கு உண்டு. மழைக்காலத்தில் அங்கு நட்ட கோவாவும் லீக்ஸும் வேரழுகும். உருளைக்கிழங்கை வாடல் நோய் பற்றும். வீட்டின் பின்சுவரும் ஈரம் குடிக்கும். ஆதலின், வெயில் கண்டதும் கூடை கூடையாக மண் சுமந்து அப்பள்ளத்தைத் தூர்ப்போர் பலர். அவர்தம் நோக்கம் நன்று. ஆயின் கான் வெட்டாது மண் கொட்டுவது பெரும் பிழையாகும்.

பள்ளம் நீரை உண்டாக்குவதில்லை. மேற்சரிவினின்று இறங்கும் நீர் தங்குவதற்கு அஃதோர் இடம்; அவ்வளவே. அதனை மூடியவுடன் அந்நீர் அயலவர் பாத்தியையோ, தம் வீட்டின் அத்திவாரத்தையோ நாடிச் செல்லும். தேயிலை மலையிற் கான் வெட்டிப் பழகியோர் இவ்வுண்மையை நன்கறிவர். தேயிலைக்குச் செய்யும் அக்காரியத்தைத் தம் வீட்டுத் தோட்டத்திற்கும் செய்தல் வேண்டும்.

நிரப்பும் மண் எங்கிருந்து வருகிறது என்பதும் கவனித்தற்குரியது. கைக்கெட்டும் தூரத்தில் உள்ளதென்று வீட்டின் பின்னுள்ள மண்மேட்டின் அடியைச் சுரண்டுவோர், சிறு குழியை மூடப் பெருங்குழி தோண்டுகின்றனர். அடி இழந்த மேடு அடுத்த பெருமழையிலே சரியலாம். கான் தூரெடுத்த மண்ணும், சமநிலத்தில் கிடைக்கும் மண்ணுமே இதற்கு ஏற்றவை.

செய்முறை எளிது. முதலில், மேற்சரிவின் நீரை மறித்துத் திருப்பக் குறுக்குக் கான் ஒன்று வெட்டுக. அதன் வாட்டம் 120 அடிக்கு 1 அடி போதும். மிகுந்தால் மண் அரிக்கும். அது தோட்டத்துப் பெருங்கானில் அல்லது ஓடையில் முடிதல் வேண்டும். முடியுமிடத்திற் கல் பதித்தல் நன்று. பின்னர்ப் பள்ளத்தின் மேல்மண்ணை எடுத்து ஒருபுறம் வைக்க. அடியில் ஊற்று இருப்பின், கருங்கல் நிரப்பிய கான் ஒன்றால் அந்நீரை வெளியேற்றுக. கவாத்துக் குச்சிகளையும் குப்பையையும் அடியில் இடலாகாது. அவை மக்கியபின் நிலம் மீண்டும் தாழும். மண்ணை 6 அங்குலப் படைகளாக இட்டு, ஒவ்வொரு படையையும் இடித்து இறுக்குக. மேற்பரப்பு, சுவரிலிருந்து முதல் 10 அடிக்குள் 6 அங்குலமாவது வெளிநோக்கித் தாழ்தல் வேண்டும். எடுத்து வைத்த மேல்மண்ணை இறுதியிற் பரப்பினால், மரக்கறிச் செய்கைக்கு நிலம் ஆயத்தமாகும்.

பள்ளத்தை நிரப்பாது, நீர் ஊறும் குழியாகவே விட்டுவிடலாம் என்பாரும் உளர். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சமநிலத்தில் மழைநீரை நிலத்துள் இறக்குதல் கிணறுகளுக்கு நன்மை தரும். செங்குத்தான சரிவிலோ, உள்ளிறங்கும் நீர் மண்ணின் பாரத்தைக் கூட்டி, அதன் பிடிப்பைத் தளர்த்திவிடும். 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மூடிய மண்சரிவும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் நேர்ந்த சரிவுகளும் பெருமழையால் விளைந்தவை. அவற்றை ஒரு வீட்டுக்கானால் தடுத்திருக்க முடியாது. எனினும், நீரிற் தோய்ந்த சரிவு யாது செய்யும் என்பதை அவை காட்டின. சுவரிலோ நிலத்திலோ புதுவெடிப்புத் தோன்றினால், மண் கொட்டி மறைக்காது, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திற்கு அறிவித்தலே தக்கது.

நீர் ஒரு வீட்டெல்லையில் நிற்பதன்று. மேல் லயத்துக் கான் தூர்ந்தால் கீழ் லயம் நனையும். அரித்த மண்ணோ பள்ளத்தாக்கின் நெல்வயலை மணலாக்கும். நாட்டின் மண் பாதுகாப்புச் சட்டம் 1951 ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. ஆயினும் கானைத் தூரெடுக்க வேண்டியது மண்வெட்டி ஏந்திய கையேயாகும். நிலம் தமதன்று என்று சிலர் வாளாவிருக்கின்றனர். நிலவுரிமையின்மை மெய்யான குறையே. ஆனால் மழை உறுதிப்பத்திரம் கேட்டுப் பெய்வதில்லை. ஆதலின் ஒரு லயத்தார் யாவரும் கூடி, தோட்ட நிர்வாகத்திற்கும் அறிவித்து, வைகாசி மழைக்கு முன்னரே கான்களைச் சீர்செய்தல் வேண்டும். அதன்பின் கொட்டும் மண்ணே நிலைத்து நிற்கும்.