பதுங்குகிற குட்டியை விரட்டலாமா?

"குட்டியா கொண்டு வந்தும் பழக மாட்டேங்குது, மூலையிலேயே பதுங்குது" என்று நாலே நாளில் கோணிப்பையில் போட்டுப் பாலாற்றங்கரையில் விட்டுவிட்டு வருகிறவர்கள் எங்கள் ஆற்காட்டில் உண்டு. பையைத் தூக்கிப் போவது வீட்டு ஆம்பளைங்க என்றாலும், போகச் சொல்வது பல வீடுகளில் நாம்தானே, சகோதரிகளே!

பதுங்குவது பூனைக்குட்டியின் குற்றமா? பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை மனிதர் கை பட்ட குட்டி சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். மாடிப்படிக்கு அடியில் ஆள் படாமல் பிறந்தது, நம்மைக் கண்டால் ஓடத்தான் செய்யும். போதாக்குறைக்குக் கண் திறந்ததுமே தாயிடமிருந்து பிரித்து விடுகிறோம். எட்டு வாரமாவது தாயோடு இருக்க வேண்டும். வலிக்காமல் கடித்து விளையாடுவதையே அது கூடப்பிறந்ததுகளோடு உருண்டு புரண்டுதான் கற்றுக்கொள்கிறது.

எங்கள் வீட்டுக்கு வந்த சாம்பல் நிறக் குட்டி ஆறு நாள் அரிசி மூட்டைக்குப் பின்னாலேயே கிடந்தது. யாரும் கையை விட்டு இழுக்கக் கூடாது என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். சோற்றில் முள் எடுத்த மீனைப் பிசைந்து வைத்துவிட்டு, நான் பாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்வேன். ஏழாம் நாள் என் முந்தானை நுனியை ஒரு பிஞ்சுக் கால் மெல்லத் தட்டியது! இப்போது துடைப்பத்தை எடுத்தாலே அதோடு மல்லுக்கு நிற்கிறது. வெளியாள் வந்தால் மட்டும் இன்றைக்கும் மூட்டைக்குப் பின்னால்தான். இருந்துவிட்டுப் போகட்டுமே! நம் பிள்ளைகளில் கூச்ச சுபாவம் உள்ளவர்கள் இல்லையா?

விளையாட்டுக் குட்டி உள்ள வீட்டில் ஒரு விஷயத்தில் ஜாக்கிரதை வேண்டும். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஷூவுக்கு மேல்தோல் தைக்கும் வேலையை வீட்டிலேயே செய்கிற பெண்கள் அதிகம். நூலும் ஊசியும் தரையில் கிடந்தால் குட்டி விழுங்கிவிடும். நூல் குடலைச் சுருக்கி, அறுத்தே விடும். வாயில் நூல் தொங்கினால் இழுக்காதீர்கள், உடனே கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

மூன்று மாதமானதும் வெறிநோய் தடுப்பூசி போட வேண்டும். பூனைக்கு ஊசியா என்று எங்கள் தெருவில் சிரித்தார்கள். பாலாற்றைத் தாண்டினால் ராணிப்பேட்டையில் 1932லிருந்து ஆடு, மாடு, கோழிக்குத் தடுப்பு மருந்து தயாரிக்கும் அரசு நிலையம் இருக்கிறது. மாட்டுக்கு ஊசி என்றால் சிரிக்காதவர்கள், பிள்ளையோடு பாயில் படுக்கிற பூனைக்கு என்றால் சிரிக்கிறார்கள்! ஊசி போடாத பூனை கீறினால் காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு, அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

வளர்த்த பிராணியைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது 1960ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவை அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய்! அரை பிளேட் ஆம்பூர் பிரியாணி கூட வராத காசு. இதற்கு யார் பயப்படுவார்கள்?

ஆற்றங்கரைக்குக் கோணிப்பை போகாமல் இருக்க வழி கருத்தடை ஆபரேஷன்தான். பெட்டைக்குட்டி ஐந்து மாதத்திலேயே சினையாகக் கூடும், ஒன்பது வாரத்தில் ஈன்றுவிடும். அதற்கு முன்பே டாக்டரைக் கேட்டுவிடுங்கள். எங்கள் சாம்பல் குட்டிக்கு வருகிற மாதம் நாள் குறித்திருக்கிறோம்.

- ஒரு வாசகி, ஆற்காடு.