எண்ணாமல் விட்ட பதினாறு ஆண்டுகள்

2023 மார்ச் முதல் வாரத்தில் திருப்பூர், கோவை ரயில் நிலையங்களில் வடமாநிலத் தொழிலாளர்கள் மூட்டை முடிச்சுகளோடு குவிந்தார்கள். தமிழ்நாட்டில் பிகார்க்காரர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய்க் காணொலிகள் கைப்பேசிக்குக் கைப்பேசி பரவியிருந்தன. ஹோலிக்கு ஊர் போகிறவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள் என்றாலும், பலர் முகத்தில் இருந்தது அச்சம்தான். பிகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பியது. நம் காவல் துறை இந்தியில் விளக்கம் சொன்னது, வதந்தி பரப்பியவர்கள் மீது வழக்குப் போட்டது. அந்தச் சூட்டில் இங்கே இன்னொரு பேச்சும் கிளம்பியது: ‘அவர்கள் எத்தனை பேர்தான் வந்துவிட்டார்கள்?’ ஒருவர் இருபது லட்சம் என்றார், இன்னொருவர் ஒரு கோடி என்றார். யாரையும் மறுக்க யாரிடமும் கணக்கு இல்லை. தொழிலாளர் துறைக்காகச் சில ஆண்டுகளுக்கு முன் எடுக்கப்பட்ட கணக்கு ஒன்று பத்து லட்சத்துச் சொச்சம் என்று சொன்னது. அதை விட்டால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புதான்.

எண்ண வேண்டிய அரசு எண்ணாமல் விட்டால், அந்த இடத்தை ஊகமும் பயமும் பிடித்துக்கொள்கின்றன. இந்தியாவில் 2021க்குப் பிறகு நடந்திருப்பது இதுதான். இதை வெறும் நிர்வாகத் தாமதம் என்று கடந்துபோக முடியாது. கணக்கெடுப்பு நடந்தாக வேண்டும். அதன் அட்டவணைகள் முழுமையாகவும் காலத்தோடும் மக்கள் முன் வந்தாக வேண்டும்.

1872இல் முதல் முயற்சி, 1881இல் நாடு முழுவதும் ஒரே நேரத்தில் முதல் கணக்கெடுப்பு. அன்று முதல் 2011 வரை பத்தாண்டுக்கு ஒருமுறை என்ற முறை அறுபடவில்லை. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1941இல்கூட வீடுவீடாக எண்ணினார்கள். அட்டவணை போடும் வேலையைத்தான் சுருக்கிக்கொண்டார்கள். 2021இல் கொரோனாவைக் காட்டித் தள்ளிவைத்தார்கள். அப்போது அது நியாயம். ஆனால் நேபாளம் 2021இலேயே எண்ணி முடித்தது. வங்கதேசம் 2022இல், பாகிஸ்தான் 2023இல் எண்ணின. பொருளாதாரம் நொறுங்கிக் கிடந்த இலங்கையும் 2024இல் கணக்கெடுப்பைத் தொடங்கியது. 2024இல் மாபெரும் நாடாளுமன்றத் தேர்தலையே நடத்திக் காட்டிய நமக்கு, ஆறு ஆண்டு தாமதத்துக்குச் சொல்லத்தக்க காரணம் கிடையாது. இப்போது 2027 மார்ச் 1ஐக் கணக்கு நாளாக அறிவித்திருக்கிறார்கள். முந்தைய கணக்கிலிருந்து அதுவரை பதினாறு ஆண்டுகள்.

இந்த இடைவெளிக்கு விலை கொடுப்பவர்கள் யார்? தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி கிராமங்களில் 75 சதவீதம் பேருக்கும் நகரங்களில் 50 சதவீதம் பேருக்கும் மலிவு விலைத் தானியம் உண்டு. அந்தச் சதவீதத்தை இன்றும் 2011இன் 121 கோடி மீதுதான் போடுகிறார்கள். அதனால் சுமார் 81 கோடி பேரோடு கதவு அடைபட்டு நிற்கிறது. பொருளாதார அறிஞர்கள் ஜான் த்ரேஸும் ரீத்திகா கேராவும் 2020இலேயே பத்து கோடிக்கும் மேற்பட்டோர் விடுபட்டிருப்பதாகக் கணக்கிட்டுச் சொன்னார்கள். தமிழ்நாட்டில் எல்லாருக்குமான ரேஷன் இருப்பதால் இந்த வலி நமக்கு உறைப்பதில்லை. ஜார்க்கண்டில், பிகாரில் புதிதாகக் கல்யாணமாகி வந்த மருமகளின் பெயரும், பிறந்த குழந்தையின் பெயரும் அட்டையில் ஏறாமல் நிற்பதற்குப் பின்னால் இந்தப் பழைய எண் இருக்கிறது. வேலைவாய்ப்பு ஆய்வு, குடும்பநல ஆய்வு என்று நாம் மேற்கோள் காட்டும் மாதிரி ஆய்வுகள் பலவும் எந்த ஊரில் எத்தனை வீட்டைப் பார்ப்பது என்பதைப் பெரும்பாலும் இதே 2011 பட்டியலிலிருந்துதான் முடிவு செய்துவந்தன. அதற்குப் பிறகு முளைத்த புறநகர்கள் பல அந்தப் பட்டியலில் இன்னும் வயல்களாகவே கிடக்கின்றன.

இறப்புக் கணக்கின் கதை இதைவிடக் கசப்பானது. 2021இல் நாட்டில் பதிவான இறப்புகள் சுமார் 1 கோடியே 2 லட்சம். அதற்கு முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 21 லட்சம் அதிகம். கொரோனாவால் அந்த ஆண்டு இறந்ததாக அரசு சொன்னதோ சுமார் மூன்றேகால் லட்சம். கூடுதல் இறப்பு எல்லாமே கொரோனா இறப்பு என்று சொல்ல முடியாது. பதிவு செய்யும் பழக்கமும் வளர்ந்திருக்கும். ஆனாலும் இடைவெளி மலைபோல் நிற்கிறது. 2021இன் இறப்புப் பதிவு அறிக்கை வெளிவந்தது 2025 மே மாதம். அதற்குள் உலக சுகாதார நிறுவனத்தின் கொரோனா இறப்பு மதிப்பீட்டோடு அரசு சண்டை போட்டு முடித்திருந்தது. இறந்தவர்களின் குடும்பங்கள் தங்கள் துயரம் எவ்வளவு பெரிய துயரத்தின் பகுதி என்று தெரியாமலே நான்கு ஆண்டுகளைக் கழித்தன. கையில் இருந்த எண்ணை இத்தனை காலம் வெளியிடாமல் வைத்திருந்ததற்கு எந்த நிர்வாகக் காரணமும் சமாதானம் ஆகாது.

எண் வெளியே வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் மாநிலமே சாட்சி. ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு எத்தனை பெண் குழந்தைகள் என்பதை ஆறு வயதுக்கு உட்பட்டோரிடம் கணக்கெடுப்பு பார்க்கிறது. நாடு முழுவதும் அது 1991இல் 945, 2001இல் 927, 2011இல் 918. உசிலம்பட்டியில் நடந்த பெண் சிசுக்கொலைகளை 1980களில் பத்திரிகைகள் எழுதியபோது, ‘எங்கோ சில வீடுகளில் நடப்பது’ என்று தட்டிக்கழித்தார்கள். சேலம், தருமபுரி வட்டாரங்களின் குழந்தைப் பாலின விகிதம் அட்டவணையில் அச்சான பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் தொடங்கியது. கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் சட்டம் 1994இல் வந்தது. நாடு சரிந்துகொண்டிருந்த 2001க்கும் 2011க்கும் இடையில் தமிழ்நாடு 942இலிருந்து 943 என்று தாக்குப்பிடித்தது. ஊர் ஊராகப் போய் வேலை செய்த பெண்கள் அமைப்புகளுக்கு அந்த அட்டவணைகள்தான் ஆயுதம். இன்றைக்கு எந்த ஒன்றியத்தில் பெண் குழந்தைகள் குறைகிறார்கள் என்று கேட்டால், கையை நீட்டிக் காட்ட அப்படி ஓர் அட்டவணை இல்லை.

எண்ணை வைத்துப் பயம் காட்டுவதும் இங்கே புதிதல்ல. 1968இல் அமெரிக்கர் பால் எர்லிக் எழுதிய மக்கள்தொகைப் புத்தகம், டெல்லித் தெருக்களில் ஒரு டாக்ஸி பயணத்தில் கண்ட கூட்டத்தைக் காட்டித் தொடங்கி, கோடிக்கணக்கானோர் 1970களில் பட்டினியால் சாவார்கள் என்றது. உலகமே அந்தப் பயத்தில் இருந்தது, நம் அரசும்தான். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77இல் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. அதில் எத்தனை பேர் மனம் ஒப்பிப் படுத்தார்கள் என்பதை அந்தத் தலைமுறைக் கிராமங்களைக் கேட்டால் தெரியும். ‘நாம் இருவர் நமக்கு இருவர்’ என்று சுவரெங்கும் சிவப்பு முக்கோணத்தோடு எழுதிய நாடு, இன்று எதிர்த் திசையில் பதறுகிறது. 2024 அக்டோபரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு அதிகக் குழந்தைகள் பெறச் சொன்னார். அடுத்த சில நாட்களில், அப்போது நம் முதல்வராக இருந்த மு.க. ஸ்டாலின் ஒரு திருமண விழாவில் பதினாறு செல்வங்களைக் குறிப்பிட்டு, பதினாறு பிள்ளைகளே பெற்றால் என்ன என்று கேட்டார்.

இரண்டு பதற்றங்களுக்கும் பின்னால் இருப்பது சரியாகப் படிக்கப்படாத ஓர் எண். 2023க்கான மாதிரிப் பதிவு அறிக்கைப்படி நாட்டின் கருவுறுதல் விகிதம் 1.9, பிகாரில் 2.8, தமிழ்நாட்டில் 1.3. ‘தமிழ்ப் பெண்கள் சராசரியாக 1.3 குழந்தையோடு நிறுத்திக்கொள்கிறார்கள்’ என்று உடனே தலைப்புப் போடுகிறோம். நாம் உட்பட எல்லாப் பத்திரிகைகளும். அந்த எண் அப்படிச் சொல்லவில்லை. அந்த ஓர் ஆண்டில் 15 முதல் 49 வரை ஒவ்வொரு வயதிலும் பெண்கள் பெற்ற குழந்தைகளின் வீதத்தைக் கூட்டி, ஒரே பெண் இந்த வீதத்திலேயே வாழ்நாள் முழுக்கப் பெற்றால் எவ்வளவு என்று போடும் கற்பனைக் கணக்கு அது. ஒரு தலைமுறை கல்யாணத்தை 21இலிருந்து 26க்குத் தள்ளிப்போட்டால், பெறப்போகும் பிள்ளைகள் குறையாமலே சில ஆண்டுகளுக்கு அந்த எண் மட்டும் கீழே போகும். தமிழ்நாட்டில் பிறப்பு உண்மையாகவே குறைந்திருக்கிறது, அதில் சந்தேகம் இல்லை. 2036இல் ஐந்தில் ஒருவர் அறுபதைத் தாண்டியவராக இருப்பார் என்பதும் அரசு நிபுணர் குழுவின் கணிப்பு. அதற்குச் செய்ய வேண்டியது முதியோர் ஓய்வூதியம், மாவட்ட மருத்துவமனைகளில் முதுமை மருத்துவம், வேலைக்குப் போகும் தாய்க்குக் குழந்தைக் காப்பகம். பெண்ணைப் பார்த்து ‘இன்னும் ஒன்று பெறு’ என்று மேடையில் சொல்வது எந்தத் திட்டமும் ஆகாது. ‘போதும், நிறுத்து’ என்று அன்று அவளிடம் கட்டளையிட்டதற்கும் இதற்கும் அடிப்படையில் வித்தியாசம் இல்லை.

மதத்தின் பெயரால் பரப்பப்படும் எண்களும் இப்படியே. முஸ்லிம்கள் பெருகி நாட்டை மூழ்கடிப்பார்கள் என்று ஆண்டாண்டு காலமாகச் சொல்கிறார்கள். தேசியக் குடும்பநல ஆய்வில் முஸ்லிம் பெண்களின் கருவுறுதல் விகிதம் 1992-93இல் 4.4, 2019-21இல் 2.4. இந்துப் பெண்களிடையே 3.3இலிருந்து 1.9. வேகமாக இறங்குவது எது என்பதைப் பள்ளிப் பிள்ளையும் சொல்லும். பிகாரின் இந்துப் பெண்களைவிடக் கேரளத்தின் முஸ்லிம் பெண்கள் குறைவாகவே பெறுகிறார்கள். பெண்ணின் படிப்பும் ஊரின் மருத்துவமனையும்தான் இங்கே தீர்மானிக்கின்றன. 2011 கணக்கின் மத அட்டவணை வெளிவர 2015 ஆகஸ்ட் ஆனது. அந்த நான்கு ஆண்டுகளும் வதந்திக்காரர்களுக்குத்தான் பயன்பட்டன.

தமிழ்நாட்டுக்குக் கணக்கெடுப்பின் மீதே ஓர் ஐயம் இருக்கிறது. மக்கள்தொகை மெதுவாக வளர்ந்ததற்குத் தண்டனையாக 1967இல் 41 மக்களவை இடங்கள் 39 ஆகின. தொகுதி எண்ணிக்கையை 1971 கணக்கோடு முடக்கிய 1976 திருத்தமும், அதை 2026க்குப் பின் வரும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்த 2001 திருத்தமும் இல்லையென்றால் இழப்பு இன்னும் பெருகியிருக்கும். அந்த ஐயம் நியாயமானது. ஆனால் நம் சண்டை இடங்களைப் பங்கிடும் விதியோடு இருக்கட்டும், தலைகளை எண்ணுவதோடு வேண்டாம். உண்மையான எண் இல்லாமல் நிதிக் குழுவிடமும் நம் வாதம் எடுபடாது.

எண் பிழையில்லாமல் வர, கேள்வி சரியாக இருக்க வேண்டும். விடிகாலை நான்கு மணிக்கு மாட்டைக் கறந்து, சொசைட்டியில் பாலை ஊற்றி, பொழுது ஏறும் முன் களையெடுக்கப் போகும் பெண்ணிடம் ‘என்ன வேலை?’ என்று கேட்டால், ‘வீட்ல சும்மாதான் இருக்கேன்’ என்பார். பல காலம் கணக்கெடுப்பு அதை அப்படியே எழுதிக்கொண்டது. 1991இல்தான் சொந்த நிலத்திலும் குடும்பத் தொழிலிலும் கூலியில்லாமல் செய்யும் வேலையும் வேலையே என்று கேள்வியிலேயே சேர்த்தார்கள். வயதும் அப்படித்தான். ‘தனுஷ்கோடி புயலப்ப எம் மூத்தவன் கைப்புள்ள’ என்று சொல்லும் பாட்டியிடமிருந்து வயதைக் கணக்குப் போட்டு வாங்குவது, கணக்கெடுக்க வந்து வெயிலில் வாசலில் நிற்கும் ஆசிரியருக்குப் பொறுமை கேட்கும் வேலை. பொறுமை தீர்ந்தால் ‘அறுபது’ என்று எழுதிவிடுவார். 2011 அட்டவணையில் 30, 35, 40, 60 என்ற வயதுகளில் மட்டும் ஆட்கள் குவிந்து நிற்பது இப்படித்தான். கணக்கெடுப்பாளருக்குப் போதிய பயிற்சியும் ஊதியமும் பள்ளி வேலையிலிருந்து விடுப்பும் தராமல் கைப்பேசிச் செயலியை மட்டும் கொடுத்தால் இந்தப் பிழை மாறாது.

ஒன்றிய அரசிடம் நாம் கேட்பது இவைதான். எந்த அட்டவணை எந்த மாதம் வெளியாகும் என்ற நாள்குறிப்பைக் கணக்கெடுப்பு முடியும் முன்பே அறிவிக்க வேண்டும். சாதிக் கணக்கை எடுத்துவிட்டு, 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பின் சாதி விவரத்தைப் போலப் பூட்டிவைக்கக் கூடாது. தலைமைப் பதிவாளர் அலுவலகம் உள்துறையின் கையிலிருந்து விடுபட்டு, நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லும் தன்னாட்சி அமைப்பாக வேண்டும். குடியுரிமைப் பதிவேடு எதையும் கணக்கெடுப்போடு முடிச்சுப் போடக் கூடாது. போட்டால் அஞ்சியவர்கள் மறைவார்கள், மறைந்தவர்கள் திட்டங்களிலிருந்தும் மறைவார்கள்.

வாசகர்களுக்கும் ஒரு சொல். தனி ஒருவரின் பதிலை யாருக்கும் காட்டக் கூடாது, வழக்கில் சாட்சியாகவும் வைக்கக் கூடாது என்று 1948ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டம் சொல்கிறது. எனவே கதவைத் திறந்து முழுமையாகப் பதில் சொல்லுங்கள். வீட்டில் மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் வீட்டுப் பெண் கடையிலோ வயலிலோ தறியிலோ உழைக்கிறார் என்றால், அவரை ‘வேலை இல்லாதவர்’ என்று பதிய விடாதீர்கள். பதிந்திருந்தால், கணக்கெடுப்பாளர் வாசல் தாண்டும் முன் திருத்தச் சொல்லுங்கள்.