குருதியில் எழுதப்படும் கோழிக் கணக்கு



வாழ்வாதார உதவியாகக் கிடைத்த ஐந்தாறு குஞ்சுகளை வளர்த்தெடுத்து, முட்டை விற்று வீட்டைக் கொண்டு நடத்துபவர்கள் உங்களில் பலர். பறவைக் காய்ச்சல் என்ற பேச்சு எழுந்தாலே கூட்டங்களில் வரும் முதற் கேள்வி, "மிஸ், இரத்தத்தைச் சோதிச்சால் தெரியாதோ?" என்பதுதான். தெரியும். ஆனால் எது தெரியும், எப்போது தெரியும் என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும்.

எச்5என்1 என்னும் பறவைக் காய்ச்சல் வைரஸ் மனிதரைத் தொற்றியது முதன்முதலில் 1997இல் ஹொங்கொங்கில் கண்டறியப்பட்டது. 18 பேர் நோயுற்றனர், 6 பேர் இறந்தனர். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கோழிகள் கொல்லப்பட்டன. பின்னர் கோழி வியாபாரத்தில் ஈடுபட்டோரின் குருதியைச் சோதித்தபோது, நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் இக்கிருமிக்கு எதிரான பிறபொருளெதிரி காணப்பட்டது. நோயாளரைப் பராமரித்த வைத்தியசாலைப் பணியாளர் 217 பேரில் 8 பேரிடமும், அவ்வாறு நெருங்காத 309 பேரில் 2 பேரிடமும் அது இருந்தது. நோயாளர் கணக்கில் வராதவர்களையும் கிருமி தொட்டுச் சென்றிருந்ததைக் குருதிதான் காட்டிக்கொடுத்தது.

பிறபொருளெதிரி என்பது, உடலுக்குள் நுழைந்த கிருமியை எதிர்க்க உடலே உண்டாக்கும் புரதம். அது உருவாக நாளெடுக்கும். ஆகவே காய்ச்சல் தொடங்கியதும் ஒரு முறையும், இரண்டு கிழமைக்கு மேல் கழித்து இன்னொரு முறையும் குருதி எடுத்து, இரண்டாவதில் அளவு நான்கு மடங்காவது கூடியிருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

வழக்கமான தடிமன் காய்ச்சல் சோதனையில் கோழி அல்லது வான்கோழியின் செங்குழியங்களைப் பயன்படுத்துவார்கள். வைரஸ் அவற்றை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். பிறபொருளெதிரி இருந்தால் ஒட்டாது. ஆனால் மனிதக் குருதியில் பறவை வைரசுக்கு எதிராக இருப்பதை இம்முறை பலவேளை தவறவிட்டது. விந்தை என்னவென்றால், கோழியின் நோயைப் பிடிக்கக் குதிரையின் செங்குழியமே கூடப் பொருத்தமாக அமைந்தது! பறவை வைரஸ் பற்றிக்கொள்ள விரும்பும் இடங்கள் அதில் நிறைய உண்டு.

இன்னும் நம்பகமான முறையில், குருதியின் தெளிந்த நீரைப் பத்து மடங்கு, இருபது, நாற்பது, எண்பது என்று ஐதாக்கி உயிருள்ள வைரசுடன் கலந்து, நாயின் சிறுநீரகத்திலிருந்து வளர்த்த கலங்களின் மேல் இடுவார்கள். கலங்கள் தொற்றாமல் தப்பினால் பிறபொருளெதிரி உண்டு. உயிருள்ள வைரசைக் கையாளுவதால், உயர் பாதுகாப்புள்ள ஆய்வுகூடம் இதற்குக் கட்டாயம் வேண்டும். ஊர் ஆஸ்பத்திரியில் நடக்கிற காரியமல்ல.

ஆராய்ச்சிக்கென்று உங்களிடம் குருதி கேட்டு யாரும் வந்தால், எதற்கு, முடிவை எப்போது சொல்வீர்கள் என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை. எடுத்துக்கொண்டு போய் மறந்துவிடுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன்.

கோழிகள் திடீரெனக் கூட்டமாகச் செத்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், சமைக்காதீர்கள், கால்நடை வைத்தியருக்கு அறிவியுங்கள். அதன்பின் வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் மூச்சுத்திணறலும் வந்தால், கோழி செத்ததையும் வைத்தியரிடம் சேர்த்துச் சொல்லுங்கள். அப்போது குருதிச் சோதனைக்காகக் காத்திராமல், தொண்டையிலும் மூக்கிலும் மாதிரி எடுத்து வைரசையே நேராகத் தேடுவார்கள்.