வக்கீல் ஐயா பிழைக்கத் தெரியாதவரா?

போன மாதம் காரைக்காலில் ஒரு பழைய வீட்டை இடித்தார்கள். ஓடு வேய்ந்த வீடு, முன்னால் நீளமான திண்ணை. பேரப்பிள்ளைகள் பிரான்சிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். விற்றதில் தவறு சொல்ல முடியாது. வேடிக்கை பார்த்தவர்களில் நானும் ஒருவன். பக்கத்தில் நின்றவர், ஏறக்குறைய என் வயதுதான் இருக்கும், "நாற்பது வருஷம் வக்கீல் தொழில் பண்ணி இந்த ஒரு வீட்டைத்தான் மிச்சம் வைத்தார். பிழைக்கத் தெரியாத மனுஷன்" என்றார். அங்கே எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது. அதை எழுதுகிறேன்.

பெயரைச் சொல்லப் போவதில்லை, அவர் அதை விரும்பமாட்டார். வக்கீல் ஐயா என்றால் நம் ஊரில் பழைய ஆட்களுக்குத் தெரியும்.

புதுச்சேரியில் பிரெஞ்சுச் சட்டம் படித்தவர். 1954 நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16இல் ஒப்பந்தம் அமலுக்கு வந்து, சட்டப்படியும் நாம் இந்தியர்கள் ஆனோம். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அவருடைய தம்பி எழுதிக் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறினார். ஐயா போகவில்லை. வயதான தாயாரும், கணவரை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்துவிட்ட தங்கையும் அவர் பொறுப்பில் இருந்தார்கள். அதன் பிறகு 1963இலும் 1968இலும் இந்தியச் சட்டங்கள் வந்தபோது, அவர் படித்ததில் பாதி செல்லாக்காசாகிவிட்டது. நாற்பதை ஒட்டிய வயதில் ஆங்கிலத்தில் சட்டப் புத்தகம் வாங்கி, முதலிலிருந்து படித்தார். அந்தக் கஷ்டம் எனக்கும் தெரியும். பிரெஞ்சுப் பள்ளியில் படித்துவிட்டு, ஆங்கில பைல்களோடு மல்லுக்கட்டித்தான் நானும் உத்தியோகத்தில் காலம் தள்ளினேன். (என் தமிழில் பிழை இருந்தால் அதற்கும் அந்தப் பள்ளிதான் காரணம்.)

காலையில் அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் கட்சிக்காரர்களே அல்ல. சொல்தாக்களின் விதவைகள். பென்ஷன் தொடர்ந்து வர, உயிரோடு இருப்பதாகச் சான்று அனுப்ப வேண்டும். கேட்டு வரும் கடிதமெல்லாம் பிரெஞ்சில் இருக்கும். கல்யாணப் பதிவில் ஒரு மாதிரியும் பென்ஷன் புத்தகத்தில் வேறு மாதிரியும் பெயர் எழுதப்பட்டிருந்தால் பணம் நின்றுவிடும். முத்து என்ற பெயரையே பிரெஞ்சில் மூன்று விதமாக எழுதுவார்கள். ஐயா ஒவ்வொரு கடிதத்தையும் படித்துக் காட்டி, பதிலும் எழுதிக் கொடுப்பார். தபால் தலைக்கு மட்டும் காசு வாங்குவார், சிலரிடம் அதுவும் கிடையாது.

குடும்பத்தைக் கவனிக்கவில்லை என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நம் பகுதியில் இருந்த பழைய இந்து வழக்கப்படி, மகன் இருந்தால் மகளுக்குச் சொத்தில் பங்கில்லை. அப்பா காலமானது அந்தக் காலத்தில்தான். யாரும் கேட்காமலே தங்கைக்கு நிலத்தில் சரிபாதி எழுதி வைத்தார். உறவினர்கள் சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை எந்தக் கட்சிக்காரரும் வாசலேற முடியாது. அன்று மீன் வாங்கப் போவது அவர்தான், கூடையைப் பிடித்துக்கொண்டு கடைசி மகள் பின்னால் போவாள். குறையும் உண்டு. மகா முன்கோபி. பொய் சொல்கிற கட்சிக்காரரைத் தெருவே கேட்கும்படி விரட்டுவார். அம்மாதான் பின்னாலேயே போய்ச் சமாதானம் சொல்லி, மோர் கொடுத்து அனுப்புவார்கள். அந்த அம்மாவைப் பற்றி யாரும் எழுதமாட்டார்கள், நானும் இதற்குமேல் எழுதாமல் போகிறேன், தப்புதான்.

இனி என் கதை. 1978இல் எனக்கும் அண்ணனுக்கும் பாகம் பிரிந்தது. கொல்லைக்குப் போகும் மூன்றரை அடிச் சந்து அண்ணன் பக்கம் போய்விட்டது. அவர் அதற்குக் கதவு போட்டுப் பூட்டினார். நான் ஆத்திரத்தோடு ஐயாவிடம் ஓடினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "மாதம் கையில் எவ்வளவு வருகிறது தம்பி?" என்றார். 450 ரூபாய் என்றேன். ஒரு பழைய தபால் உறையைக் கிழித்து அதன் உட்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். முத்திரைச் செலவு, அமீனா, அளவைக்காரர், வாய்தாவுக்கு வாய்தா லீவு, அப்பீல் போனால் சென்னைக்கு ரயில், சாப்பாடு. மொத்தம் 6,400 ரூபாய், வருஷம் ஏழு. "அந்தச் சந்தை வைத்து என்ன செய்வாய்?" என்று கேட்டார். அண்ணன் இவரை விலைக்கு வாங்கிவிட்டார் என்றே நினைத்தேன். மூன்று நாள் அவர் வீட்டுத் தெரு வழியாகவே போகவில்லை.

நான்காம் நாள் சாயங்காலம் அவரே டேப்போடு எங்கள் வாசலில் வந்து நின்றார். சந்தை அளந்தார். அண்ணி கொடுத்த காபியைக் குடித்தார், என் வீட்டிலும் ஒரு காபி குடித்தார். கதவு இருக்கட்டும், சாவி இரண்டு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். பீஸ் அந்த இரண்டு காபிதான். 1986இல் என் மனைவிக்கு ஜிப்மரில் ஆபரேஷன் நடந்தபோது, ராத்திரி பஸ் பிடித்து வந்து ரத்தம் கொடுத்தவர் அந்த அண்ணன்.

முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் அரசாங்கப் பதிவேடு எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன். வந்த மனுவுக்கு எண் போடுவோம், தேதி போடுவோம். வராத மனுவுக்குப் பதிவேட்டில் இடமில்லை. கோர்ட்டிலும் அப்படித்தான். ஐயா நடத்திய வழக்குகளை எண்ணிவிடலாம், அந்தத் திண்ணையோடு முடிந்துபோனவற்றை எந்தப் பதிவேட்டில் தேடுவது? அவை ஒவ்வொன்றும் அவருக்கு வராமல் போன பீஸ். அது தெரிந்தே செய்தார். எனவே "பிழைக்கத் தெரியாதவர்" என்ற பேச்சை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. எத்தனை குடும்பங்கள் பிழைத்தன என்று அந்த நண்பர் கணக்கெடுத்துவிட்டு வரட்டும், பேசலாம்.

அந்தத் தபால் உறை இன்னும் என் பழைய பிரெஞ்சு அகராதிக்குள் இருக்கிறது. வீடு இடித்த அன்று எடுத்துப் பார்த்தேன். குமாஸ்தா பழக்கம், கூட்டிப் பார்த்தால் 5,400தான் வருகிறது. ஐயா ஓர் ஆயிரம் கூட்டிப் போட்டிருக்கிறார். அவசரத்தில் நேர்ந்ததா, வேண்டுமென்றே செய்தாரா, இனி யாரைக் கேட்பது?