வேகத்தை விற்கிறோம், பில்லில் எழுதுகிறோமா?

கம்ப்யூட்டர் உதிரிபாகங்கள் விற்கும் நமது உறுப்பினர்களின் கடைக்கு வரும் இளைஞர்கள் இப்போதெல்லாம் "நல்ல மதர்போர்டு ஒன்று கொடுங்கள்" என்று கேட்பதில்லை. "பிராசஸர் தானாக பூஸ்ட் ஆக வேண்டும், ராம் 6000-ல் ஓட வேண்டும், அதற்கு எந்த போர்டு?" என்றுதான் கேட்கிறார்கள். சென்னை ரிச்சி தெருவில் மட்டுமல்ல, மாவட்டத் தலைநகரங்களில் உள்ள சிறு கடைகளிலும் இதே கேள்விதான். இதற்கு நாம் சொல்லும் பதிலில் அன்றைய லாபம் மட்டுமல்ல, ஆறு மாதம் கழித்து திரும்பி வரும் சரக்கின் தலைவலியும் அடங்கியிருக்கிறது. ஆகவே இதைப் பற்றி வணிகப் பெருமக்களுடன் சில கருத்துகளைப் பகிர்ந்து கொள்ள விரும்புகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்ள வேண்டும். பிராசஸர் பூஸ்ட் வேறு, மெமரி ஓவர்கிளாக் வேறு. நம்மில் பலர் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி விற்கிறோம். பூஸ்ட் என்பது தயாரிப்பாளரே பிராசஸருக்குள் வைத்திருக்கும் ஏற்பாடு. இன்டெல் 2008-ல் டர்போ பூஸ்ட் என்று கொண்டு வந்தது. ஏஎம்டி 2017-ல் ரைசன் வரிசையுடன் பிரிசிஷன் பூஸ்ட் என்று தந்தது. சூடு, மின்சாரம் இரண்டும் அனுமதிக்கும் வரை பிராசஸர் தானே வேகத்தை ஏற்றிக் கொள்ளும். இதற்கு விலை உயர்ந்த போர்டு தேவையில்லை. சாதாரண போர்டிலும் நடக்கும். உத்தரவாதத்துக்கும் பங்கமில்லை. எவ்வளவு நேரம் அந்த வேகம் நிற்கும் என்பதில்தான் போர்டுக்குப் போர்டு வித்தியாசம்.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். ரைசன் 5 7600 பிராசஸர், 65 வாட் என்று பெட்டியில் போட்டிருந்தாலும், பூஸ்டில் 88 வாட் வரை இழுக்கும். இதற்கு எந்தக் கௌரவமான போர்டும் போதும். ரைசன் 9 7950எக்ஸ் 230 வாட் வரை போகும். இன்டெல் கோர் ஐ9 13900கே 253 வாட். இவற்றை, பிராசஸருக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பகுதியின் மேல் ஹீட்சிங்க் கூட இல்லாத மலிவு போர்டில் மாட்டினால், சிறிது நேரத்தில் அந்தப் பகுதி கொதித்து, பிராசஸர் வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். வேலூரிலோ மதுரையிலோ மே மாத மதியத்தில் ஏ.சி. இல்லாத அறையில் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே போர்டு கேட்டு வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது "என்ன பிராசஸர்?" என்பதுதான். பட்ஜெட் எவ்வளவு என்பது இரண்டாவது கேள்வி.

அடுத்தது சிப்செட். பெட்டியின் மேல் உள்ள எழுத்தைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். இன்டெலில் பிராசஸரை நாமாக ஓவர்கிளாக் செய்ய இசட் 790, இசட் 890 போன்ற இசட் வகைதான் வேண்டும். பி 760, பி 860 வகைகளில் அது முடியாது. ஆனால் மெமரியை உயர்த்தலாம். எச் 610, எச் 810 வகைகளில் இரண்டுமே இல்லை. ஏஎம்டியில் பி 650, பி 850 வகையிலேயே இரண்டும் உண்டு. ஏ 620-ல் மெமரி மட்டும். எச் 610 போர்டையும் 6000 ராமையும் ஒரே பில்லில் போட்டு அனுப்பும் கடைகள் இன்னும் இருக்கின்றன என்பது வருத்தத்துக்குரியது. வாங்கியவர் கொடுத்த கூடுதல் பணம் வீண்.

இப்போது மெமரிக்கு வருவோம். தகராறு முழுவதும் இங்கேதான். ராம் பெட்டியில் 6000 என்று கொட்டை எழுத்தில் இருக்கும். மாட்டி, சுவிட்சைப் போட்டால் பெரும்பாலும் 4800-லோ 5600-லோதான் ஓடும். பயாஸுக்குள் சென்று இன்டெலின் எக்ஸ்.எம்.பி. அல்லது ஏஎம்டி 2022-ல் கொண்டு வந்த எக்ஸ்போ என்ற அமைப்பைத் தேர்வு செய்தால்தான் 6000. ஒரே ஒரு தேர்வுதான், அரை நிமிட வேலை. ஆனால் அந்த அரை நிமிடத்தில் நாம் செய்வது ஓவர்கிளாக். ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாக ஒப்புக்கொண்ட மெமரி வேகம் 5200. அதற்கு மேல் போனால், எக்ஸ்போ வழியாகவே போனாலும் பிராசஸரின் உத்தரவாதம் செல்லாது என்று அந்த நிறுவனத்தின் நிபந்தனையிலேயே எழுதியிருக்கிறது. விளம்பரம் ஒரு கையால், நிபந்தனை மறு கையால். நடுவில் நிற்பவர் சில்லறை வியாபாரி!

இதனால் நமது நண்பர்கள் சிலர் "நாம் எதையும் தொடக் கூடாது, அப்படியே கொடுத்துவிட வேண்டும்" என்கிறார்கள். இதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. 6000 என்று விலை வாங்கிக் கொண்டு 4800-ல் ஓடவிட்டு அனுப்புவது, எடை குறைத்துக் கொடுப்பதற்குச் சமம். வேறு சிலர் யாரிடமும் சொல்லாமல் எல்லா மெஷினிலும் எக்ஸ்போவைப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். அதுவும் தவறு. வாடிக்கையாளரிடம் இரண்டு வரியில் விளக்கி, அவர் விரும்பினால் போட்டுக் கொடுத்து, குறைந்தபட்சம் ஓர் இரவு முழுவதும் மெமரி சோதனை ஓடவிட்டு, "6000-ல் சோதித்து ஒப்படைக்கப்பட்டது, வாடிக்கையாளர் சம்மதத்துடன்" என்று பில்லிலேயே எழுதிவிட வேண்டும் என்பது என் கருத்து. இதற்கு ஆகும் செலவு மின்சாரமும் பேனா மையும்தான்.

அச்சப்படக் காரணம் இல்லாமல் இல்லை. 2023 ஏப்ரலில் ரைசன் 7000 எக்ஸ்3டி பிராசஸர்கள் சில கருகிப் போன செய்தி வந்தது. எக்ஸ்போ போட்டவுடன் சில போர்டுகள் எஸ்.ஓ.சி. மின்னழுத்தத்தை அளவுக்கு மேல் ஏற்றியதே இதற்குக் காரணமாகக் கூறப்பட்டு, அதை 1.3 வோல்ட்டுக்குள் கட்டுப்படுத்தும் புதிய பயாஸ் வெளியிடப்பட்டது. 2024-ல் இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை பிராசஸர்கள் நிலைகுலைந்தன. பிராசஸருக்குள் இருந்த மைக்ரோகோட் தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டதாக இன்டெல் ஒப்புக்கொண்டு, திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தையும் 2 ஆண்டுகள் நீட்டித்தது. அதற்கு முன்பே பல போர்டுகள் மின்சார வரம்பை ஏறக்குறைய நீக்கி, 4096 வாட் என்று வைத்து அனுப்பியிருந்தன. நம் கடைக்காரர் எதையும் தொடவில்லை. பெட்டியைப் பிரித்து மாட்டினார், அவ்வளவே. ஆயினும் வாடிக்கையாளர் வந்து நின்றது நம் கவுண்டரில்தான்.

எனவே கோடவுனில் இருக்கும் போர்டுகளைப் பழைய பயாஸுடன் விற்கக் கூடாது. பிராசஸர் இல்லாமலே பென் டிரைவ் வழியாக பயாஸ் மாற்றும் பொத்தான் உள்ள போர்டை வாங்கி வையுங்கள். சில நூறு ரூபாய் கூடுதலானாலும் வியாபாரிக்கு அது காப்பீடு மாதிரி. ரைசன் 9000 வந்த பின் பழைய பி 650 சரக்கு "டெட்" என்று திரும்பி வந்ததில் பல, பயாஸ் மாற்றினால் உயிர் பெறக் கூடியவையே.

இன்னொரு விஷயம். ஏஎம்5 போர்டுகள் முதல் முறை ஆன் செய்யும்போதும் மெமரி அமைப்பை மாற்றிய பின்னரும் சில நிமிடங்கள் கருந்திரையாக நிற்கும். மெமரியைத் தானே பழக்கிக் கொள்ளும் நேரம் அது. வாடிக்கையாளர் பயந்து ஆஃப் செய்து, மறுபடி போட்டு, பிறகு கடைக்குத் தூக்கி வருகிறார். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஒரு சண்டை மிச்சம். அதேபோல 4 ஸ்லாட் இருக்கிறது என்பதற்காக 4 ராம் விற்காதீர்கள். நான்கும் மாட்டினால் ரைசன் 7000-க்கு ஏஎம்டி உறுதி கூறும் வேகம் வெறும் 3600. வேகம் வேண்டுமென்றால் ஒரே கிட்டில் வரும் 2 ராம், பிராசஸரிலிருந்து எண்ணி 2-ஆவது, 4-ஆவது ஸ்லாட்டில். "இப்போது ஒன்று, தீபாவளிக்கு ஒன்று" என்று கேட்பவரிடம், தனித்தனியாக வாங்கும் ராம்கள் சேர்ந்து அந்த வேகத்தில் ஓடும் என்பதற்கு உறுதியில்லை என்று சொல்லிவிடுங்கள். போர்டு தயாரிப்பாளர் வெளியிடும் சோதிக்கப்பட்ட ராம் பட்டியலைப் பார்த்துக் கொள்முதல் செய்வது மொத்த வியாபாரிகளுக்கும் நல்லது.

சரக்கு வைப்பதைப் பொறுத்தவரை, நடுத்தர பி வகையில் இரண்டு மூன்று மாடல்கள் போதும் என்பேன். மேல்மட்ட இசட், எக்ஸ் வகைகளை அட்வான்ஸ் வாங்கிக் கொண்டு வரவழைக்கலாம். இன்டெல் 2024 அக்டோபரில் சாக்கெட்டை மாற்றியபோது, இசட் 790 வாங்கி அடுக்கியவர்களின் முதல் முடங்கியதை மறக்க முடியாது.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தையும் உறுப்பினர்கள் கவனிக்க வேண்டும். பொருளை மாற்றியமைத்து விற்றவர், இணைத்துக் கொடுப்பதில் உரிய கவனம் செலுத்தாதவர், தயாரிப்பாளர் தராத உத்தரவாதத்தைத் தாமாகத் தந்தவர் ஆகியோரையும் அது சில வகைத் தீங்குகளுக்குப் பொறுப்பாக்குகிறது. "ஒன்றும் ஆகாது சார், நான் கேரண்டி" என்று கவுண்டரில் சொல்வதை இனிமேல் விட்டுவிட வேண்டும்.

ஆனால் சுமை முழுவதும் நம் தலையில் விழுவது நியாயமல்ல. சென்ற ஆண்டு ஒரு விநியோகஸ்தர், எக்ஸ்போ போடப்பட்டிருந்தது என்ற ஒரே காரணத்தைக் கூறி என் சரக்கை மாற்றித் தர மறுத்தார். அதே எக்ஸ்போ முத்திரை அந்த ராம் பெட்டியிலும் போர்டு பெட்டியிலும் பளிச்சென்று இருந்தது. பெட்டியில் அச்சிட்ட வேகத்தில் ஓட்டியதற்காக உத்தரவாதத்தை மறுக்கக் கூடாது என்று விநியோகஸ்தர்களிடம் எழுத்து மூலம் உறுதி வாங்குவதற்கு, நமது சங்க நிர்வாகிகள் அடுத்த செயற்குழுவில் தீர்மானம் கொண்டு வர வேண்டுமெனக் கேட்டுக் கொள்கிறேன். இப்படி மறுக்கப்பட்ட சரக்கின் பில் நகலும் மறுப்புக் கடிதமும் வைத்திருக்கும் உறுப்பினர்கள், அவற்றைக் கூட்டத்துக்கு முன்பே சங்க அலுவலகத்தில் சேர்ப்பித்தால் பேச்சுவார்த்தைக்கு உதவியாக இருக்கும்.